பாட்டா வந்தா பெகளமா?

எடே மக்கா, இங்கன படிப்புரையில வந்து இரி. காதுல சொருகியிருக்க அந்தப் பூண்டுப் பல்லு ரெண்டையும் கழத்தி வையி.

நேத்து ஒனக்குக் கட்டஞ்சாயாவும் நாலு பழபஜ்ஜியும் கொண்டுட்டு வந்தேன். கதவுல ஒரு அட்டை தொங்குகு. ‘டூ நாட் டிஸ்டர்ப்’. எந்த லாட்ஜுல களவாண்டியோ! மெள்ளத் தட்டினேன். உள்ள இருந்து ஒரு சத்தம்: “பாட்டா, டிஸ்டர்ப் பண்ணாதீங்க!” ஒன் அப்பன்கூட என்னை அப்பிடிச் சொன்னதில்லை. சாயா ஆறிப்போச்சு. பஜ்ஜியை நானே தின்னேன். சவத்த விடு.

ஆனா அந்தச் சொல்லு மட்டும் நெஞ்சுல நின்னுட்டு. சாயங்காலம் நம்ம ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியாரைப் பிடிச்சேன். ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லுக மனுசன். லத்தீன்ல ‘துர்பா’ன்னு ஒரு சொல்லாம். ஆளு கூடிக் கூச்சல் போடுகது. நம்ம பாசையில பெகளம். முன்னால ‘டிஸ்’ ஒட்டினா, அடியோட கலைச்சுக் குட்டிச்சுவராக்குகது. பிரெஞ்சுக்காரன் வழியா இங்கிலீசுல நுழைஞ்சு 700 வருசம் ஆச்சாம். ‘ட்ரபிள்’ இதுக்குக் கூடப்பிறந்தது. ஆரல்வாய்மொழியில ஆடிக்காத்துக்குச் சுத்துக காத்தாடியை ‘டர்பைன்’னு சொல்லுகியள்லா? சுழிக்காத்துக்கும் பம்பரத்துக்கும் லத்தீன்காரன் வச்ச பேருல இருந்து வந்ததாம். அதும் பங்காளி வகைதான்.

இப்பம் நீயே கணக்குப் பாரு. சுசீந்திரத்துல மார்கழித் தேரு நகருகப்போ ரதவீதியில நெருக்குகே ஒரு கூட்டம், அது துர்பா. நான் ஒத்தக்கட்டை. கையில ஒரு கிளாஸ் சாயா. இது பெகளமா?

ஒத்த ஆளு செய்யிக சேட்டைக்கு நம்ம ஊர்ல வேற சொல்லு கெடக்கு. சல்லியம். ஒன் ஆச்சி ஈயை வெரட்டுகப்போகூட அதைத்தான் சொல்லுவா. வடமொழியில சல்லியம்னா மேலுல தச்ச முள்ளு, அம்பு மொனை. பாரதத்துல சல்லியன்னு ஒருத்தன் வருவான்லா? கர்ணனுக்குத் தேரோட்ட வந்தவன். வந்த எடத்துல ஓட்டுக வேலையை மட்டும் பாத்தானா? அருச்சுனன் எங்க, நீ எங்கன்னு குத்திக்கிட்டே இருந்தான். தருமருக்கு முன்னாலயே வாக்குக் குடுத்துட்டு வந்தவனாச்சே! யாரு பேரு வச்சாளோ, பொருந்தி இருக்கு. ஆகையினால என்னை வையணும்னா, ‘சல்லியம் பண்ணாதீங்க’ன்னு வையி. தலைகுனிஞ்சு போயிடுகேன். டிஸ்டர்ப்னு மட்டும் சொல்லாத. கூட்டம் சேத்த குத்தம் எனக்கு வேண்டாம்.

கூட்டம் எங்க இருந்துது தெரியுமா? ஒன் மேசை மேல. கதவுக்கு இந்தப்பக்கம் நின்னு பஜ்ஜி தின்னு தீருகதுக்குள்ள ஒன் போன் 11 தடவை ‘டிங்’குன்னுது. எண்ணினேன், வேற சோலி? கூடப் படிச்சவன் அம்புட்டுபேரும் அதுக்குள்ள. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காலை வணக்கம் போடுக மாமன் அதுக்குள்ள. கடன் வேணுமான்னு கேக்க பிள்ளை அதுக்குள்ள. அந்த வியாபாரக் கூப்பாட்டை நிறுத்த 1909-ன்னு ஒரு நம்பரை அரசாங்கமே குடுத்திருக்கே, ஒரு நாளு கூப்பிட்டுப் பாத்தியா? பெகளத்தை மடியில கட்டிக்கிட்டு பாட்டாவுக்குக் கதவடைக்கான்!

எடையில ஆளு வந்து வேலை கெட்டவன் கதை ஒண்ணு உண்டு. கோலரிட்ஜ்னு ஒரு இங்கிலீஷ் கவிஞன். 1797-ல மருந்து மயக்கத்துல கனவு கண்டு, முழிச்சதும் அதைப் பாட்டு எழுதிக்கிட்டு இருந்தானாம். போர்லாக்னு பக்கத்து ஊர்ல இருந்து ஒரு ஆளு சோலியா வந்தான். ஒரு மணிக்கூறுக்கு மேல பேச்சு. திரும்ப வந்து பாத்தா மிச்சப் பாட்டைக் காணோம். 1816-ல அச்சுப் போட்டப்போ அவனே எழுதி வச்ச கதை இது. வந்தவன் பேரைச் சொல்லல்லை. கடன்காரனா இருக்கும், எனக்கு அப்பிடித்தான் தோணுகு. போட்டும், கவிஞனுக்கு ஒரு பாட்டாவது போச்சு. ஒனக்கு என்ன போச்சு? சன்னல் வழியா ஆச்சி எட்டிப் பாத்தாளே. நீ கிரிக்கெட்டுல்லா பாத்துக்கிட்டு இருந்த!

அட்டையைத் தேடாத. அதை ஆச்சி கழத்தி அடுக்களைக் கதவுல மாட்டியாச்சு. காலையில இருந்து எனக்கும் சாயா கெடைக்கல்லை.