காதாலேயே கழற்றுகிறவர்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர் சாலை. வாடகை சைக்கிளில் அதை ஒரே மூச்சில் சுற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 7,000 அடி உயரத்தில் மூச்சு வாங்குவது ஒருபுறம் இருக்கட்டும். பெடலடியில் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம் எழுந்தால் போதும், மங்கி குல்லா போட்ட ஒருவர் மரத்தடியிலிருந்து கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

"தம்பி, நில்லுங்க. எந்தக் கால் மிதிக்கையில வருது?"

இவர் மெக்கானிக் கிடையாது. கடைக்காரரும் கிடையாது. ஸ்பேனரைத் தொட்டு எத்தனை வருஷமோ, விரல் நகங்கள் அத்தனை சுத்தம். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் இந்த ஏரியை உண்டாக்கியபோதே, கரையில் இவரையும் நிறுத்திவிட்டுப் போயிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சைக்கிளை ஸ்டாண்டு போடச் சொல்வார். பெடலை மெல்லச் சுற்றிவிட்டு, பாரில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடுவார். சாட்சாத் நாடி வைத்தியர்.

"காட்டர் பின்."

பழைய கறுப்பு சைக்கிளாக இருந்தால், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைக்கும். கிராங்கை நடு ஆக்சிலோடு பிடித்து வைத்திருப்பது அரை விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு ஆப்பு. ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தச் சீவல் தேய்ந்தால் கிராங்க் ஒரு மயிரிழை ஆடும், சுற்றுக்குச் சுற்று 'டக்'. நட்டை மட்டும் முடுக்கினால் மரைதான் போகும். கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, சுத்தியலால் பின்னை இறக்கி, அதன்பிறகே நட்டை முடுக்க வேண்டும். முட்டில்லாமல் அடித்தால் அந்த அடியெல்லாம் உள்ளே இருக்கும் பால்ரஸுக்கு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து இன்னொரு தடவை முடுக்குவது உத்தமம். இத்தனையும் எனக்கு விளக்கியவர் அவர். குனிந்து அடித்தவன் வாடகைக் கடைப் பையன்.

அடித்தும் என் சைக்கிளில் சத்தம் நிற்கவில்லை.

சைக்கிள் சத்தம் வதந்தி மாதிரி. கிளம்பிய இடம் ஒன்று, கேட்கிற இடம் வேறு. சீட்டுக் கம்பியின் முனகல் பைப் வழியாக இறங்கி கிராங்கில் கேட்கும். எழுந்து நின்று மிதித்துப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றால் குற்றவாளி சீட்டு. மிதிக்காமல் உருட்டும்போதும் வந்தால் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவராக விடுதலை செய்துகொண்டே வந்தால் கடைசியில் மாட்டுபவன்தான் ஆள். நம்மவர் யாரையும் விடுதலை செய்வதில்லை. காட்டர் பின்னோடு பெடலைச் சேர்ப்பார், பெடலோடு பால்ரஸ் கப்பை, கப்போடு செயினை. "இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்துவார். பஞ்சர் ஒட்டுகிறவர் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. அவர் சொல்லும்போது போகர் சித்தர் அவர் காதில் மட்டும் ஓதியதுபோல இருக்கும். எல்லாம் தீர்ந்துபோனால் "பனி" என்பார். கொடைக்கானலில் பனிமேல் பழி போட்டால் எதிர்வாதம் செய்ய ஆளே கிடையாது.

(என் சத்தம் சீட்டில்தான் இருந்தது. கடைப் பையன் சொல்லாமல் கொள்ளாமல் போல்ட்டைக் கழற்றி, துளி கிரீஸ் தடவி மாட்டிவிட்டான். "பாத்தீங்களா, காட்டர் பின் இப்பத்தான் செட்டாகுது" என்றார் இவர்.)

நான் கிளம்பும் நேரத்தில், வத்தலக்குண்டிலிருந்து மலையேறி மிதித்தே வந்த ஒரு கியர் சைக்கிள்காரர் அந்தப் பக்கம் வந்தார். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, பளபளவென்று அலுமினிய கிராங்க். கூடவே லேசாக ஒரு 'கிறீச்'. கை நீண்டது. சைக்கிள் நின்றது. இரண்டு விரல் பாரில், கண் மூடியாயிற்று.

"காட்டர் பின்."

"அய்யா, இதுல காட்டர் பின்னே கிடையாது. போல்ட்டுதான்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்ப அதான் சத்தம்."