மார்கழி ஓட்டமும் கெண்டைக்கால் பிடிப்பும்: திருவள்ளூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திருவள்ளூர் மாவட்டத்தில் விடியற்காலையில் ஓடுபவர்கள் மூவகைப்படுவர். நாய் துரத்துவதால் ஓடுபவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர். யாரும் துரத்தாமல், எதையும் பிடிக்காமல் ஓடுபவர். முதலிரு வகையினர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதென்று புலம்பிக் கேட்டதில்லை. கையில் டிபன் பாக்ஸ், காலில் ரப்பர் செருப்பு, ஷிஃப்ட் பஸ் நகரத் தொடங்கிவிட்டது. வார்ம்-அப் எதுவும் இல்லாமல் நூறு மீட்டர் ஓடிப் படியில் தொற்றிக்கொள்பவர், ஜன்னலோரம் சாய்ந்ததும் தூங்கிவிடுகிறார். மூன்றாம் வகையினரோ விலையுயர்ந்த ஷூ, நாடித்துடிப்பை எண்ணும் கடிகாரம், முட்டிவரை காலுறை சகிதம் புறப்பட்டு, இரண்டாவது கிலோமீட்டரில் நொண்டுகிறார்கள். இம்முரணுக்கு விளக்கம் தேடுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு மரபுப்படி வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு அது கொஞ்சம் நீளம். கொசஸ்தலை ஆற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிற்பாடு சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே ஆண்டுக்கணக்கில் அகழாய்வு செய்தார்கள். அடியடுக்கில் கிடைத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் தெரியவந்தது. இன்னொரு பக்கம், மனித உடம்பின் அமைப்பே நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்றபடி உருவானது என்று டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வாதிட்டார்கள். இவ்விரு முடிவுகளையும் ஒன்றாக முடிச்சுப் போட ஏனோ ஒருவரும் துணியவில்லை. அத்தனை பாடுபட்டுச் செதுக்கிய கோடரிகளை ஆற்றங்கரையிலேயே ஏன் போட்டுவிட்டுப் போனார்கள்? மானைத் துரத்திப்போன ஒருவர் பாதி வழியில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். உடன் வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். மொழி தோன்றியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அது வேறு துறை.

குளிர்காலம் எது என்பதிலும் தெளிவு வேண்டும். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ், அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில். இப்போதெல்லாம் மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே பொன்னேரி ரயில் நிலையத்தில் குரங்குக் குல்லாய்கள் முளைத்துவிடுகின்றன. பனிக்கட்டி உறையும் நாட்டு ஓட்டக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும். அவருக்குத் தரை வழுக்கும் என்ற ஒரே கவலை. நமக்கோ வடகிழக்குப் பருவமழை விட்டுவைத்துப் போன அத்தனையும் காலடியில் கிடக்கிறது.

முதலில் கரை. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஜீரோ பாயின்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் கிருஷ்ணா நீர் சுமார் 25 கிலோமீட்டர் கால்வாயில் ஓடிப் பூண்டி ஏரியைச் சேர்கிறது. கால்வாய்க் கரையானாலும் ஏரிக்கரையானாலும் பாதை ஒருபக்கம் சரிந்துதான் இருக்கும். போகும்போது ஒரு கால் மேட்டில், மறுகால் பள்ளத்தில். பள்ளத்துக் கால் இழுபடும். திரும்பி வரும்போது கால் மாறிவிடுவதால் கணக்கு நேராகிவிடும் என்பர். திரும்புகாலில் ஷேர் ஆட்டோவில் வருபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அடுத்து சேறு. வயலோரக் களிமண் ஷூவோடு ஒட்டிக்கொண்டு வர, ஒவ்வோர் அடியிலும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். பிடுங்குகிற வேலை கெண்டைச்சதையுடையது. சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து முன்பாதத்தில் தத்தித் தத்தி ஓடினாலும் பாரம் அங்கேதான் இறங்கும். மீஞ்சூருக்குப் பக்கத்தில் வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. சாம்பல் லாரிகள் போகும் சாலையில் ஓடுபவர் காலை மறந்துவிட்டு மூச்சைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவார். அது சிரிப்புக்குரிய விஷயமன்று என்பதால் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணியை மருத்துவ நூல்கள் அறவே கவனிக்கவில்லை. அது கோலம். மார்கழியில் கோயில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கும் வேளைக்கே தெரு பெருக்கி, சாணி தெளித்து, இந்த வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டு வாசல்வரை கோலம் விரிந்துவிடுகிறது. நடுவில் சாணி உருண்டை, அதன் தலையில் பரங்கிப்பூ. மிதிக்க முடியாது. மிதித்தவர் அதே தெருவில் மறுநாளும் ஓடியதாகச் சான்று இல்லை. எனவே ஓட்டக்காரர் விளிம்பில் ஒற்றைக்காலை ஊன்றி எம்பி, இரண்டு புள்ளி வரிசைக்கு நடுவே நுனிக்காலால் தொட்டு, அங்கிருந்து பக்கவாட்டில் சாக்கடை மூடிமேல் குதிக்கிறார். பத்து வீட்டுக்குப் பத்துத் தடவை, குளிரில் இறுகிய சதையோடு. கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்திருக்கும் அம்மா நிமிராமலே, “பார்த்துப் போப்பா” என்கிறார். அந்த அக்கறை காலைப் பற்றியது அல்ல.

இனி உடற்கூறு. கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். மேலே புடைத்துத் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். அதற்கு அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். மேலது முழங்காலைத் தாண்டித் தொடையெலும்பில் கட்டியிருக்கிறது, கீழது முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. இரண்டும் குதிகாலில் அக்கிலிஸ் நாணாக முடிகின்றன. யாரோ பின்னாலிருந்து கல்லெறிந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்க்க வைக்கும் வலி பெரும்பாலும் மேல்தசையின் வேலை. 1883-இலேயே ‘லான்செட்’ இதழில் இதற்கு டென்னிஸ் ஆட்டக்காரர் கால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சோலியஸ் அந்த ரகமன்று. கூட்டுக் குடும்பத்துப் பெரியப்பா மாதிரி, கத்தாது, ஆனால் வாரக்கணக்கில் முனகும். ஓடும்போது உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு விசையைத் தாங்குவதால் முனகுவதற்கு அதற்கு உரிமை உண்டு. குற்றவாளி எது என்று அறிய வழி எளிது: முழங்காலை நீட்டி நின்று குதிகாலை உயர்த்தினால் வலிப்பது மேலது, மடக்கி நின்று உயர்த்தும்போது வலிப்பது கீழது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ஆய்வை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்குழாயில் உறைவாக இருக்கக்கூடும்.

வைத்தியத்தில்தான் நம் வட்டாரம் செழிப்பானது. கவரப்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் நொண்டிக்கொண்டு நின்றாலே போதும்.

“இன்னா சார், காலை இழுத்துக்கினு வர்றீங்க?” என்று டீ மாஸ்டர் தொடங்கி வைத்தார். பெஞ்சிலிருந்த பெரியவர் கால்மேல் கால் போட்டபடியே முடிவு சொன்னார். “நரம்பு பிசகிக்கினுகீது. புத்தூர் போய் ஒரு கட்டு கட்டிக்கினு வா.”

“எலும்பு உடையலையே தாத்தா.”

“ஒடையறதுக்கு முன்னாடியே கட்டிக்கினா நல்லதுதானே?”

திருத்தணிக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூரின் கட்டு, பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை கொண்டது. தசைப்பிடிப்புக்கு அதை முன்கூட்டியே கட்டலாம் என்ற பெரியவரின் தடுப்பு மருத்துவக் கோட்பாடு புதியது. பக்கத்திலிருந்த இன்னொருவர், பிரசவத்தில் கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்றார். அது இடுப்புக்குத்தானே என்ற ஐயத்துக்கு, “மிதிக்கிறவனுக்குத் தெரியும்” என்று பதில் வந்தது.

மேலைநாட்டு வைத்தியமும் இதைவிட உறுதியாக இல்லை. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் பரப்பிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்க்கின், பல ஆண்டு கழித்து, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தாமே எழுதினார். புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்ட பாட்டிகள் இதுவரை எதையும் வாபஸ் வாங்கவில்லை. ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் அக்கிலிஸ் நாண் வலிக்குச் சொன்ன பயிற்சி இன்றும் நிற்கிறது: படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது, நாளைக்கு 180 முறை, 12 வாரம். மொத்தம் 15,120. நம் ஓட்டக்காரர்கள் இதைக் கெண்டைக்காலுக்கும் கடன் வாங்கியிருக்கிறார்கள். மாடிப்படியில் ஏறவும் செய்யாமல் இறங்கவும் செய்யாமல் கைப்பிடியைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்கும் மருமகனைப் பற்றி மாமியார் என்ன நினைப்பார் என்பதை ஸ்வீடன்காரர் கணக்கில் எடுக்கவில்லை.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் பெயர். கோயில் குளத்தில் வெல்லத்தைப் போட்டால் அது கரைவதுபோல் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. தை அமாவாசைக்குக் கூட்டம் நெரியும். மேற்கண்ட முறைகள் எதிலும் இல்லாத சிறப்பு இதில் ஒன்று உண்டு. போட்ட வெல்லம் கரைந்துவிட்டதா என்று யாரும் குளத்துக்குள் கைவிட்டுப் பார்ப்பதில்லை.

ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு இங்கேதான் கிட்டியது. லேசாகக் கிழிந்த தசை இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே சேரும். சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக ஓடும் ஓட்டத்தில் மறுபடி கிழியும். மூன்றாம் வகையினரின் நோய் நீள்வது காயத்தால் அல்ல, பரிசோதனையால். சிப்காட் பஸ்ஸைப் பிடித்தவர் தன் கால் எப்படி இருக்கிறது என்று கால்வாய்க் கரையில் போய் ஐந்து கிலோமீட்டர் சரிபார்ப்பதில்லை. ஜனவரியில் சென்னை மாரத்தான் வேறு. கட்டிய பணம் திரும்ப வராது என்பதால் பரிசோதனைகள் டிசம்பர் கடைசியில் மும்முரமாகின்றன. அப்பருவத்து விடியற்காலையில், ஒரு வீட்டு ஹாலில், விளக்குப் போடாமல் பதிவு செய்த உரையாடல் வருமாறு.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“எங்கயும் இல்ல. கால் சரியாயிடுச்சான்னு பார்க்கணும்.”

“இங்கயே உட்கார்ந்து பாருங்களேன்.”

“உட்கார்ந்தா எப்படித் தெரியும்? ஓடினாத்தான தெரியும்.”

ஆய்வு நெறிமுறைக் குழு இச்சோதனைக்கு ஒப்புதல் தராமல் அடுக்களைக்குப் போய்விட்டது. ஆய்வுக்குட்பட்டவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனைக்குப் போய்ப் போட்டுக்கொண்டார்.