ஏழு அங்கே வராது

எங்கள் பக்கம் ஒரு சதுரத்தைச் சுற்றி நாலு பேர் குனிந்து நின்றால் அது கேரம் போர்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு போர்டு, அதற்கு மேல் ஒரு பல்பு, பல்புக்குக் கீழே ஆடுகிறவர்களைவிட யோசனை சொல்கிறவர்கள் அதிகம். புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-இல் அமெரிக்கா போய் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு, யோசனை சொல்கிறவர்களின் கை இன்னும் ஓங்கிவிட்டது.

இப்படிப்பட்ட வட்டாரத்தில், திருவொற்றியூர் டீக்கடை பெஞ்சில் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு சுடோகு போடுவது லேசான காரியமல்ல. சதுரத்தைப் பார்த்ததும் கூட்டம் கூடிவிடும். காய் இல்லை என்று தெரிந்த பிறகும் கலையாது. "அங்க அஞ்சு போடு சார்" என்பார் ஒருவர். ஏன் அஞ்சு என்று கேட்டால், "சும்மா போட்டுப் பாரு, வராட்டி அழிச்சிக்கோ" என்பார். பாதி தமிழ்நாடு இந்த முறையில்தான் ஓடுகிறது என்பதால் மறுத்தும் பேச முடியாது.

இந்தப் 'போட்டுப் பாரு' கட்சிக்கு எங்கள் கடையில் ஒரே எதிர்க்கட்சி, ஒரு பெரியவர். மோட்டார் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். பென்சிலை ஆக்ஸா பிளேடால் ஊசி மாதிரி சீவி வைத்திருப்பார். ஒவ்வொரு காலிக் கட்டத்துக்குள்ளும் வரக்கூடிய எண்களைப் பொடியாகக் குறிப்பார். அதிலும் ஒழுங்கு உண்டு. 1 எப்போதும் இடது மேல் மூலை, 5 நட்டநடு, 9 வலது கீழ் மூலை. எண்ணைப் படிக்கவே வேண்டாம், புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். ரப்பரைத் தொடுவது அவருக்குத் தொழில் அவமானம். என் ரப்பரைப் பார்த்து, "இன்னாப்பா, ரப்பரு தேஞ்சிப்போச்சு, புத்தி அப்படியே கீதே" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அவரிடம் நான் அப்ரன்டிஸ்.

அவரைப் பொறுத்தவரை சுடோகு ஜப்பான் சரக்கு. ஹார்பர் கணக்கில் பார்த்தால் விஷயம் வேறு. சரக்கு ஏறியது அமெரிக்காவில். 1979-இல் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ரிடையரான கட்டடக்கலைஞர் 'நம்பர் ப்ளேஸ்' என்ற பெயரில் அங்கே ஒரு புதிர்ப் பத்திரிகைக்குக் கொடுத்தது இது. லேபிள் மாறியது ஜப்பானில். 1984-இல் நிக்கோலி நிறுவனம் சுடோகு ஆக்கியது. டோக்கியோ புத்தகக் கடையில் அதைப் பார்த்தவர் வெய்ன் கூல்ட், ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ரிடையரானவர். புதிரை உண்டாக்க ஒரு புரோகிராம் எழுதி எடுத்துக்கொண்டு லண்டன் போனார். 2004 நவம்பர் 12-இல் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் இறக்கினார். இத்தனை ரிடையர்மென்ட்டுகள் சேர்ந்து உருவாக்கிய ஒன்றை எங்கள் ஃபிட்டர் விடாமல் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

எளிய புதிரில் கட்டத்தைப் பார்த்ததும் எண் தெரிந்துவிடும். கஷ்டமான புதிரில் எந்தக் கட்டத்துக்கும் எண் தெரியாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வியே வேறு: எது வராது? முதல் பாடம் ஜோடி. ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களில் 2, 9 ஆகிய இரண்டு மட்டுமே வர முடியும் என்றால், எது எங்கே என்று தெரியாவிட்டாலும் அந்த வரிசையில் வேறு யாருக்கும் 2 கிடையாது, 9 கிடையாது. தண்ணி லாரி கியூவில் முன்னால் இரண்டு குடம் வைத்துவிட்டு அக்காவும் தங்கையும் வீட்டுக்குப் போய்விடுவார்களே, அதுதான். எந்தக் குடம் யாருடையது என்பது அவர்கள் பாடு. அந்த இரண்டு இடம் உனக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதற்கு மேல் படிப்பு எனக்கு ஒரு ட்ரெய்லர் டிரைவரிடம் கிடைத்தது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் வண்டிகள் வரிசையில் நிற்பதும், டிரைவர்கள் இறங்கி டீ குடிப்பதும் இங்கே அன்றாடக் காட்சி. சங்ககிரிப் பக்கத்துக்காரர், கிளாஸை ஊதிக்கொண்டே என் தோளுக்கு மேலிருந்து சொன்னார்:

"ஏனுங்கண்ணா, அந்த ஏழு அங்க வராதுங்க."

"பின்ன எங்க வரும்?" என்றது கூட்டம்.

"அது தெரியலீங்க. அங்க வராது. அது மட்டும் தெரியும்."

கூட்டம் சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

டிரைவர் பார்த்தது எக்ஸ்-விங். இரண்டாம் வரிசையில் 7 வரக்கூடிய இடங்கள் 4-ஆம், 8-ஆம் பத்திகள் மட்டும். ஆறாம் வரிசையிலும் அதே இரண்டு பத்திகள்தான். மேலே 4-இல் வந்தால் கீழே 8-இல் வரும், மேலே 8 என்றால் கீழே 4. எப்படிப் போனாலும் அந்த இரண்டு பத்திகளின் 7-ஐ இந்த இரண்டு வரிசைகளே எடுத்துக்கொண்டுவிடும். அந்தப் பத்திகளில் மற்ற கட்டங்களில் இருக்கும் பொடி 7 அத்தனையையும் அடித்துவிடலாம். ஒரு எண்கூட நிரப்பவில்லை, ஆனால் புதிர் உடைந்துவிடும்.

மூன்று வரிசை, மூன்று பத்தி என்று இதே வேலையைச் செய்தால் ஸ்வார்ட்ஃபிஷ். நான்கு என்றால் ஜெல்லிஃபிஷ். ஐந்துக்குப் போக வேண்டியதில்லை. ஒன்பதுக்கு ஒன்பது சதுரத்தில் ஐந்து வரிசை மீன் ஒன்று இருந்தால், அதே வேலையைச் செய்யும் நாலு பத்தி அல்லது அதைவிடச் சின்ன மீன் ஒன்று எதிர்ப்பக்கம் இருந்தே தீரும். பெரிய மீனைத் தேடிப் போகாதே, சின்னதைப் பிடி என்பதைக் காசிமேட்டில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை பெரியவரும் டிரைவரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். சண்டை வந்தது ஒரு செவ்வகத்தால். 4, 5-ஆம் வரிசைகளும் 2, 9-ஆம் பத்திகளும் சந்திக்கிற நான்கு கட்டங்கள். மூன்றில் 3, 8 மட்டும். நான்காவதில் 3, 8, 6. டிரைவர் யோசிக்கவே இல்லை. "ஆறுங்க."

"எப்டி?"

"நாலுலயும் மூணு எட்டே வந்தா, இடம் மாத்திப் போட்டாலும் சரியா வருமுங்க. ரெண்டு விடை ஆயிரும். பேப்பர்ல ரெண்டு விடை இருக்கிற புதிரைப் போடுவாங்களா?"

பெரியவருக்கு முகம் சிவந்தது. "பேப்பர்காரன நம்பிக் கணக்கு போடுவியா நீ? டிராயிங்ல தப்பிருக்காதுன்னு நம்பி எத்தினி பேரு ஜாப்பக் கெடுத்துக்கீறான் தெரியுமா?"

டிரைவர் பதிலுக்குத் தன் வண்டியைக் காட்டினார். கண்டெய்னர் மேல் நான்கு ஆங்கில எழுத்து, ஆறு எண், கடைசியில் சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஒரு எண். முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கடைசி எண் வர வேண்டும். வராவிட்டால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். "நம்பர் போட்டவன் விதிப்படி போட்டிருப்பான்னு நம்பறதாலதானுங்க அடுத்தவன் தப்பு தெரியுது. நம்பிக்கையும் கணக்குதானுங்க."

கடையில் நிசப்தம். டீ ஆற்றுகிறவர்கூட நிறுத்திவிட்டார். என்னிடம் தீர்ப்பு கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொடுக்கப்படும் எண்கள் 17-க்குக் குறைந்தால் ஒரே விடை உள்ள புதிர் அமையவே அமையாது என்று 2012-இல் டப்ளினில் கேரி மெக்கைர் குழு கம்ப்யூட்டரை ஓடவிட்டு நிரூபித்திருக்கிறது. ஒரே விடை என்பதற்கு அவ்வளவு மரியாதை. உலக சுடோகு போட்டி 2008-இல் கோவாவிலும் 2017-இல் பெங்களூருவிலும் நடந்தது. கடிகாரம் ஓடும்போது செவ்வக உத்தியை யாரும் பாவமாக நினைப்பதில்லை.

"அவனுங்களுக்கு அவசரம். எனக்கு இன்னா அவசரம்?" என்றார் பெரியவர். இன்னொரு டீ சொல்லிவிட்டு நேர்வழியில் இறங்கினார். ஒரு கட்டத்தில் 1, 2. அதைப் பார்க்கிற, அதாவது அதன் வரிசையிலோ பத்தியிலோ பெட்டியிலோ இருக்கிற, இன்னொன்றில் 1, 3. மற்றொன்றில் 2, 3. நடுக்கட்டம் 1 ஆனாலும் 2 ஆனாலும் ஓரத்தில் ஒன்று 3 ஆகியே தீரும். ஆகவே அந்த இரண்டு ஓரத்தையும் பார்க்கிற கட்டத்தில் 3 கிடையாது. அங்கே ஆரம்பித்து, ஒவ்வொரு பொடி எண்ணாக அடித்துக்கொண்டே வந்து, டீயில் ஆடை படிந்த பிறகு அறிவித்தார்: "ஆறு. ஆனா நீ போட்டது செல்லாது."

அதற்குள் கியூ நகர்ந்து டிரைவர் வண்டியேறிப் போயிருந்தார்.

இப்போதும் கஷ்டமான புதிர் வந்தால் பெரியவரைக் கவனிக்கிறேன். முதலில் நான்கு மூலையையும் ஒரு நோட்டம் விடுகிறார். செவ்வகம் இருந்தால் ஒரு நொடி கண் அங்கே நிற்கிறது. உடனே வேறு பக்கம் திரும்பி, பார்க்காதவர் மாதிரி பென்சிலைச் சீவுகிறார். பிறகு நேர்வழியில் இறங்கி, ஒரு தடவைகூட வழி தவறாமல் அதே எண்ணில் போய் நிற்கிறார். விடை தெரிந்த பிறகு நேர்மையாக வழி தேடுவதில் அவரை அடிச்சுக்க எங்கள் வட்டாரத்தில் ஆளில்லை.