அடுக்ககப் பராமரிப்புக் கம்பெனி மாற்றம்: ஒரு திணைக்கோட்பாட்டு ஆய்வு

1. ஆய்வு நோக்கம்

சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கும் வாழும் அடுக்ககக் குடிகளிடையே ஒரு சடங்கு நிலவுகிறது. இருக்கிற பராமரிப்புக் கம்பெனியைத் துரத்திவிட்டு வேறொன்றை மாலையிட்டு அழைத்துவருதல் என்பது அது. சாலையின் மறுமுனையில் நிற்கும் பல்லவர் சிற்பங்களுக்கு ஆய்வேடுகள் ஏராளம்; இச்சடங்குக்கோ ஒன்றும் நம் கண்ணில் படவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. இதன் கருதுகோள்: கம்பெனி மாறும், சட்டை மாறும், ஆள் மாறார்.

2. திணை வகுத்தல்

தொல்காப்பியர் காலத்தில் லிஃப்ட் இல்லை. ஆகவே அடுக்ககத் திணையை வகுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. முதற்பொருளில் நிலம், ஸ்டில்ட் பார்க்கிங். பெரும்பொழுது, லாரித் தண்ணீர் வாங்கும் கோடை. சிறுபொழுது, ஞாயிறு காலை பதினொரு மணி. கருப்பொருள்களுள் தெய்வம் போர்வெல், புள் புறா, மரம் மதிலோர நெட்டிலிங்கம், பறை ஜெனரேட்டர், உணவு பொதுக்குழுச் சமோசா. உரிப்பொருள், முணுமுணுத்தலும் முணுமுணுத்தல் நிமித்தமும்.

வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் உள்ள உறவோ ஐந்திணைக்குள் அடங்காது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை கம்பெனி மட்டும் காதலிப்பதால் அது கைக்கிளை. அதற்குப் பிறகு பெருந்திணை.

3. வரலாற்றுப் பின்புலம்

தொடக்கத்தில் பில்டர் இருந்தார். கட்டியவரே பராமரித்தார், அல்லது தமக்கு வேண்டிய கம்பெனியை வைத்தார். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொதுவிடங்களையும் வரைபடங்களையும் உரிமையாளர் சங்கத்திடம் பில்டர் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. கட்டுமானக் குறைகளுக்கு ஐந்தாண்டு வரை அவரே பொறுப்பு என்றும் சொல்கிறது. சங்கங்களோ 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பெருகின. அடுக்கக உரிமைக்கென்றே 1994இல் ஒரு சட்டமும், அதன் இடத்தில் 2022இல் இன்னொன்றும் வந்தன. ஆக, கம்பெனியை மாற்றும் அதிகாரம் குடிகளின் கைக்கு முறைப்படி வந்து சேர்ந்தது. அதை என்ன செய்வது என்பதில்தான் இந்த ஆய்வு தொடங்குகிறது.

4. சுழற்சியின் பருவங்கள்

முதலாவது, வாட்ஸ்அப் பருவம். லிஃப்டில் கிடக்கும் காகிதக் கோப்பையைப் படமெடுத்து ஒருவர் குழுவில் இடுவார். கீழே பதினேழு கட்டைவிரல்கள் முளைக்கும். கோப்பை மாலைவரை அங்கேயே கிடக்கும்.

இரண்டாவது, கொட்டேஷன் பருவம். மூன்று கம்பெனிகள் பளபளப்பான கோப்புகளோடு வரும். மூன்றிலும் ஒரே நீச்சல் குளத்தின் படம் இருக்கும்.

மூன்றாவது, பொதுக்குழு. குறைந்தபட்ச வருகை சேராததால் கூட்டம் அரைமணி நேரம் ஒத்திவைக்கப்பட்டு, அதே ஆட்களோடு மீண்டும் கூடும். "சார், ரேட் எது கம்மி?" என்ற ஒரே கேள்வியோடு விவாதம் முற்றுப்பெறும்.

நான்காவது, தேனிலவு. புதிய மேலாளர் காலையில் எல்லா மாடிக்கும் ஏறி இறங்குவார். படிக்கட்டில் பினாயில் மணக்கும். செக்யூரிட்டி எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். மணம் குறையும் நாளில் முதற்பருவம் மீண்டும் தொடங்கும்.

5. மூலகாரணம்: கணக்கியல் நோக்கு

பராமரிப்புக் கம்பெனி விற்பது பெரும்பாலும் ஆள் கணக்கு. செக்யூரிட்டி இத்தனை பேர், ஹவுஸ்கீப்பிங் இத்தனை பேர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், சூப்பர்வைசர். அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் முதலாளி பங்காக வைப்புநிதி, அதன் துணைக் கட்டணங்களையும் சேர்த்து, 13 சதவீதம், இஎஸ்ஐ 3.25, குறைந்தபட்ச போனஸ் 8.33. சம்பளம் உச்சவரம்புக்குள் இருக்கும்வரை இவை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே. அவற்றின்மேல் கம்பெனியின் சேவைக்கட்டணம். மொத்தத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

இனி நாம் நிறுவும் தேற்றம். சம்பளமும் சட்டச் செலவும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கையில், ஒரு கம்பெனி மட்டும் பெருமளவு குறைத்துக் கேட்டால் அந்தக் குறைவு இரண்டே இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, சேவைக்கட்டணம்; அது ஓரளவுக்குமேல் இளைக்காது. மற்றொன்று, ஆள். பட்டியலில் பன்னிரண்டு பேர், வாசலில் ஒன்பது பேர். பகல் டூட்டி பார்த்தவரே இரவிலும் நிற்பார். வைப்புநிதி பில்லில் இருக்கும், அவர் கணக்கில் இருக்காது. இரவு இரண்டு மணிக்கு கேட்டில் தூங்குபவரைப் படமெடுத்துக் குழுவில் இடுகிறவர், அவரது பன்னிரண்டு மணி நேரப் பகல் டூட்டியைப் படமெடுப்பதில்லை.

குடிகள் மலிவை நாடக் காரணமும் உண்டு. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மாதக் கட்டணமும் 7,500 ரூபாயைத் தாண்டினால் அதற்கும் ஜிஎஸ்டி. முழுத் தொகைக்கும் வரி என்றது 2019ஆம் ஆண்டு அரசுச் சுற்றறிக்கை. தாண்டிய பகுதிக்கு மட்டுமே என்றது 2021இல் சென்னை உயர் நீதிமன்றம். இந்தக் குழப்பத்தில் பொருளாளர்கள் 7,500ஐ லட்சுமணன் கோடாகக் கருதிக் கோட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறார்கள்.

6. கைமாற்றத்தின் மர்மங்கள்

பழைய கம்பெனி வெளியேறும் நாளில் சில பொருள்கள் காற்றில் கரையும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவேடு, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு, லிஃப்ட் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், மொட்டைமாடிச் சாவி. குழாய்ப் பாதையின் வரைபடம் பில்டர் காலத்திலேயே கரைந்திருக்கும். எந்த வால்வை மூடினால் எந்த பிளாக்கில் தண்ணீர் நிற்கும் என்ற ஞானம் பிளம்பர் ஒருவரின் தலையில் மட்டும் வாய்மொழி மரபாக வாழ்கிறது.

ஆகவே புதுக் கம்பெனி முதல் நாளே அவரைத் தேடிவரும். "அண்ணே, நீங்க எங்களோடயே இருந்திடுங்க." அண்ணன் நீலச் சட்டையைக் கழற்றிச் சாம்பல் சட்டையைப் போடுவார். செக்யூரிட்டிகளும் அப்படியே. நமது கருதுகோள் இத்துடன் மெய்ப்பிக்கப்படுகிறது. ஒரே மாற்றம், அண்ணனின் பணிக்காலம் புதிதாக ஒன்றாம் நாளிலிருந்து தொடங்குவதுதான்.

7. முடிவும் பரிந்துரையும்

சில கம்பெனிகள் உண்மையிலேயே மோசமானவை. அவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மோசமான கம்பெனியைக் கொண்டுவந்த கொட்டேஷன் முறையை மாற்றாதவரை, அடுத்து வருவதும் அதன் தம்பியாகவே இருக்கும். எனவே: நோட்டீஸ் காலம் முடியுமுன் ஒப்படைப்புப் பட்டியலை எழுதி வாங்குங்கள், கடைசிப் பில்லை அதற்குப் பிறகு கொடுங்கள். தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாதாமாதம் பில்லோடு வைப்புநிதிச் சலானையும் பெயர்ப் பட்டியலையும் கேளுங்கள்; அந்தப் பெயர்களை வாசலில் நிற்பவர்களோடு ஒப்பிடுங்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு வருபவர்கள், தயவுசெய்து ஒரு கால்குலேட்டரோடு வாருங்கள்.