வெட்டிய மண்ணுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, 380 கோடி ரூபாயில் 500 மில்லியன் கன அடி நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2020 நவம்பரில் திறப்பு விழாவும் ஆயிற்று. அரசாங்கத்துக்கு மண்ணைக் கொட்டப் பெரிய கரை இருந்தது. பக்கத்தில் சொந்தக் குட்டையை அகலப்படுத்துகிறவருக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

பொக்லைன்காரர் பள்ளத்தைப் பறித்துவிட்டு, வாடகையை எண்ணிக்கொண்டு கிளம்பிவிடுவார். மண் அப்புறம்தான் குணத்தைக் காட்டும். உள்ளே இறுகிக் கிடந்த களி, வெட்டியதும் உப்பி நாலு பங்கு ஐந்து பங்காகும். சோம்பல்பட்டு விளிம்பிலேயே குவித்தால், ஐப்பசி மழை அதைப் பத்திரமாகக் குட்டைக்கே திருப்பிவிடும். போதாக்குறைக்கு, பாரம் தாங்காமல் கரைச் சரிவும் கூடவே இறங்கும்.

வெளியே அனுப்பலாமே என்பீர்கள். நிலத்தில் கிடக்கிறவரை அது வெறும் மண். டிப்பரில் ஏறிக் கட்டட அஸ்திவாரம் நிரப்பப் போனால், மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி அது அனுமதிச் சீட்டு கேட்கும் சிறு கனிமம்! ஒரே நடையில் இத்தனை பெரிய பதவி உயர்வு வேறெந்த உத்தியோகத்திலும் கிடையாது.

இதற்கு நேர்மாறாக, அரசு ஏரி வண்டலை உழவர்கள் இலவசமாகவே அள்ளலாம்: நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. 2024 முதல் தாசில்தார் அனுமதியே போதும். ஆக, அடுத்தவன் ஏரி மண் வயலுக்கு வருவது சுலபம். நம் குட்டை மண் வாசலைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

மிஞ்சுவது ஒரே வழி. மேல்மண்ணை வயலில் பரப்பி, அடிக்களியை மாட்டுக் கொட்டகைத் தரைக்குப் போட வேண்டும். மாடு ரசீது கேட்காது.