இழுக்கத் தெரியாதவன்

லத்தீனில் 'த்ராஹெரே' என்றால் இழுப்பது. அந்த ஒற்றை வினைச்சொல் பெற்றுப் போட்ட பிள்ளைகள் அருப்புக்கோட்டைக் கரிசல் வரைக்கும் வந்து என் மானத்தை வாங்கும் என்று படிக்கிற காலத்தில் தெரியாது.

கோடை உழவுக்கு வந்த தம்பியிடம், "டிராக்டர், டிரெய்லர் ரெண்டுக்கும் ஒரே தாய்தாம்ப்பா" என்றேன். "அப்ப நீங்களே ரிவர்ஸ் எடுத்து விடுங்கண்ணே" என்று இறங்கிக்கொண்டான். டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டுமாம். அகராதியில் அது இல்லை. சித்தப்பாவின் சோளத்தட்டைப் படப்பில் போய் முட்டி நின்றேன். "இவனைப் படிக்க வச்ச காசுக்கு ரெண்டு கிடா வாங்கி விட்டிருக்கலாம்" என்றார்.

பிரெஞ்சுக் கதை இதைவிட ருசி. லத்தீனில் மாவரைக்க 'மொலெரே', பால் கறக்க 'முல்கெரே'. பழைய பிரெஞ்சில் இரண்டும் தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டன. மாட்டைக் கறக்கச் சொன்னால் மாட்டை அரைக்கச் சொன்ன மாதிரி இருக்கும். அந்தக் குழப்பத்தில்தான் இழுப்பதற்கு இருந்த சொல் கறவைக்கு வந்தது என்பார்கள் மொழிநூலார். இன்றைக்கும் பிரெஞ்சில் 'த்ரேர்' என்றால் பால் கறப்பதுதான். ஸ்பானிஷில் அதுவே 'த்ராயேர்' ஆகி, கொண்டுவருவதைக் குறிக்கிறது.

இதை மதினிக்குத் தொழுவில் வைத்து விளக்கினேன். போணியைக் கையில் கொடுத்துவிட்டார். கன்று ஊட்டி முடித்து, மடி திரண்டு நின்றது. சொற்பிறப்பை நம்பிக் காம்பைப் பிடித்து இழுத்தேன். கறப்பது இழுப்பதே இல்லை. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் காம்பின் மேற்பக்கத்தை அடைத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மூடிப் பிழிய வேண்டும். மாடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சுரப்பை அடக்கிக்கொண்டது.

"பிரான்சுல இப்படித்தான் கறக்காகளா கொழுந்தனாரே?"

கான்ட்ராக்டும் இந்தக் குடும்பம்தான். சேர்த்து இழுப்பது என்று பொருள். திருச்சுழிப் பக்கத்துப் புஞ்சையில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டத்துக்கு வெட்டிக்கொள்ள எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தில் பிழையில்லாத தமிழ்; ஒற்று ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. தூரையும் தோண்டி எடுக்க வேண்டும் என்று எழுதத்தான் விட்டுப்போனது. வெட்டின மரமெல்லாம் ஒரு மழைக்கே தூரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்துவிட்டது. மறுபடி கேட்கப் போனால், தூருக்குத் தனி ரேட்டாம்.