காய்ச்சலுக்கு வீடே ஆஸ்பத்திரி

காய்ச்சலா? வீட்டில் படுத்து ஓய்வெடுங்கள் என்கிறார்கள். குறிஞ்சிப்பாடியில் அது ரொம்ப சுலபம். போர்வையை இழுத்துப் போர்த்தியதுமே நெய்வேலி மாமா வந்துவிடுவார், கையில் நிலவேம்புக் குடிநீர். அதில் 9 சரக்கு. வடலூர்ச் சித்தி கொண்டுவரும் கபசுரக் குடிநீரிலோ 15. இரண்டையும் குடித்தால் 24! நிலவேம்பும் சுக்கும் இரண்டிலும் உண்டே என்று கேட்காதீர்கள்; இரட்டிப்புப் பலம். போதாததற்கு, எதிர்வீட்டுக்காரர் போன மழைக்காலத்தில் பாதி தின்று மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக். அவர் பல்வலிக்குக் கேட்டது உங்கள் காய்ச்சலுக்குக் கேட்காதா? இத்தனை இருக்க டாக்டர் எதற்கு? பாவம், அவருக்குப் படிப்பு மட்டும்தானே இருக்கிறது!

மூன்றாம் நாள் காய்ச்சல் தானாகவே இறங்கியது. யார் மருந்தால் என்ற தகராறில் மாமாவுக்குப் பிரஷர் எகிறியது. கட்டிலை அவருக்கு விட்டுவிட்டு நோயாளி எல்லாருக்கும் காபி போடப் போனார்.